பாட்காஸ்ட் பதிவில் நாயின் மூச்சிரைப்பு: பேச்சை நிறுத்தினால் சத்தம் மேலே ஏறுகிறது, என்ன செய்வது?

சாயங்கால_அலைவரிசை (கேள்வி)

வணக்கம். அன்றாட விஷயங்களைப் பேசிப் பதிவிடும் தனியாள் பாட்காஸ்ட், வாரம் ஒரு அரை மணி நேரம். நாய் லேப்ராடர், 5 வயது, 32 கிலோ. பதிவு நேரத்தில் மேஜைக்கு அடியில்தான் படுக்கும். வெளியே விட்டுக் கதவைச் சாத்தினால் பிறாண்டும்.

சிக்கல் மூன்று. பேசும்போது அதன் இரைப்பு கேட்பதில்லை, ஒரு விநாடி நிறுத்தினால் மெல்ல மேலேறி வந்துவிடுகிறது, மறுபடி பேசினால் அடங்குகிறது. கழுத்துப்பட்டையில் தொங்கும் வில்லையின் கிணுகிணு சத்தம் எல்லா இடத்திலும் இருக்கிறது. பேச ஆரம்பித்த கொஞ்ச நேரத்தில் சிணுங்கல், சில சமயம் குரைப்பும்.

அமைப்பு: யூஎஸ்பி கண்டென்சர் மைக், மேஜை ஸ்டாண்டில், வாயிலிருந்து இரண்டு அடி தள்ளி. விண்டோஸ் லேப்டாப், ஆடாசிட்டி (ஒலிப்பதிவு, எடிட்டிங் மென்பொருள்). அறை 10க்கு 12 அடி, டைல்ஸ் தரை. சத்தம் வரக்கூடாது என்று ஃபேன், ஏசி இரண்டையும் நிறுத்தி, ஜன்னலையும் அடைத்துவிடுவது வழக்கம். நாய்ஸ் ரிடக்‌ஷன் போட்டால் இரைப்பு போகவில்லை, குரல்தான் தண்ணீருக்குள்ளிருந்து வருவதுபோல் ஆகிறது. டைனமிக் மைக் வாங்கினால் தீருமா?

கெயின்_குறைங்க

மைக் வாங்குறதைத் தள்ளி வைங்க. "நிறுத்தினா ஏறுது, பேசினா அடங்குது"ன்னு சொன்னீங்களே, அது நாய் பண்ற வேலை இல்ல, ஆட்டோ கெயின் (மைக் சத்தத்தை எடுக்குற அளவைத் தானா ஏத்தி இறக்குற வசதி) பண்ற வேலை. பேச்சு நின்றதும் உள்ளீடு குறைஞ்சுபோச்சேன்னு அது தானா கெயினை ஏத்தும். நாய் ஒரே அளவுலதான் இரைக்குது.

உறுதி பண்ண: நாய் இல்லாதப்போ ஒரு பத்தி வாசிங்க, அப்புறம் 10 விநாடி அசையாம இருங்க. அந்த 10 விநாடி அலைவடிவத்தைப் பெரிசு பண்ணிப் பாருங்க. ஆரம்பத்துலேர்ந்து கடைசி வரை ஒரே தடிமனா இருந்தா ஆட்டோ கெயின் இல்ல. மெல்லிசா ஆரம்பிச்சுப் போகப்போகத் தடிச்சா அதேதான்.

ஆட்டோ கெயினை ஆஃப் பண்ற இடம்: விண்டோஸ் செட்டிங்ஸ், சிஸ்டம், சவுண்ட், இன்புட்டில் உங்க மைக்கைத் தொட்டா "ஆடியோ என்ஹான்ஸ்மென்ட்ஸ்"னு இருக்கும், அதை ஆஃப் பண்ணுங்க. மைக்கோட சொந்த ஆப் போட்டிருந்தா அதுலயும் ஒரு தானியங்கி லெவல் ஒளிஞ்சிருக்கலாம். மீட்டிங் ஆப் பின்னாடி ஓடிக்கிட்டிருந்தா முழுசா மூடிடுங்க, சிலது மைக் அளவைத் தானே மாத்திக்கிட்டே இருக்கும்.

அடுத்தது தூரம். வாய்க்கும் மைக்குக்கும் 60 செ.மீ. மேஜைக்கு அடியில நாய் மூக்கு மைக்கிலேர்ந்து சுமார் 90 செ.மீ.னு வைங்க. தூரத்தால கிடைக்கிற வித்தியாசம் மூணரை டெசிபல்தான், அதாவது மைக்குக்கு நீங்களும் நாயும் ஏறக்குறைய சமம். தூரம் பாதியாகுறப்போ எல்லாம் குரல் 6 டெசிபல் கூடும். 60-ஐ 10 செ.மீ. ஆக்கினா 15 டெசிபல் கூடும், அதே அளவு கெயினைக் குறைச்சிடலாம். குரல் பழைய அளவுலயே நிக்கும், நாய் 15 டெசிபல் கீழ போயிடும். இதுக்கு ஈடான சாஃப்ட்வேர் கிடையாது.

டைனமிக் மைக் பத்தி: ஒரே பேட்டர்ன் (எந்தத் திசைச் சத்தத்தை எவ்வளவு எடுக்கும்ங்கிறது), ஒரே தூரம்னா கண்டென்சரும் டைனமிக்கும் நாயை ஏறக்குறைய ஒரே விகிதத்துலதான் எடுக்கும். டைனமிக்ல "சத்தம் வராது"ங்கிற பேருக்குக் காரணம், அதை வாய்கிட்ட வைக்காம யாராலயும் பயன்படுத்த முடியாதுங்கிறதுதான்.

எடிட்டிங்மேஜை

மேலே சொன்னது சரி. ஒன்று சேர்க்க வேண்டும்: மைக் எந்தப் பக்கம் பார்க்கிறது என்பது.

கார்டியாய்ட் (முன்பக்கச் சத்தத்தை அதிகம் எடுக்கும்) மைக்குக்கு நேர் பின்புறம்தான் செவிடு. பக்கவாட்டில் 6 டெசிபல்தான் குறையும். நட்டுவைத்த மைக்குக்குக் கீழே படுத்திருக்கும் நாய் பக்கவாட்டில்தான் இருக்கிறது. படங்களில் பார்ப்பதுபோல் பூம் ஆர்மில் மேலிருந்து வாயை நோக்கிச் சாய்த்தால் இன்னும் மோசம், மைக்கின் முகம் நேராகத் தரையைப் பார்க்கும். தலைகீழாக யோசியுங்கள்: மைக் முகவாய்க்குக் கீழே, முகம் மேல்நோக்கி 45 டிகிரி சாய்ந்து உங்கள் வாயைப் பார்க்கட்டும். பின்புறம் தானாக மேஜைக்கு அடியை நோக்கும். சூப்பர்கார்டியாய்ட் மைக் என்றால் இந்தக் கணக்கு மாறும். அதன் செவிட்டுப் புள்ளி நேர் பின்னால் இல்லை, முன்பக்கத்திலிருந்து 125 டிகிரி வாக்கில் இருக்கும்.

டைல்ஸ் தரையில் இந்த வித்தையின் பாதி வீணாகும். இரைப்பு தரையிலும் சுவரிலும் பட்டு முன்பக்கமாகவே திரும்பி வரும். மேஜைக்கு அடியில் கனமான விரிப்பு ஒன்று கட்டாயம். நகம் டைல்ஸில் தட்டும் சத்தமும் அதோடு போகும்.

நாய் முதுகை மேஜைக் காலில் தேய்த்தால் 'டும்' என்று ஒரு அடி விழும். ஷாக் மவுன்ட்டும் (அதிர்வு மைக்குக்குப் போகாமல் தடுக்கும் தாங்கி) 80 ஹெர்ட்ஸ் ஹைபாஸும் (அதற்குக் கீழான ஒலியை வடிகட்டுவது) பெரும்பகுதியைப் பிடித்துவிடும். முடிந்தால் பூம் ஆர்மை நாய் படாத அலமாரியில் மாட்டுங்கள்.

நாலுகால்_நண்பி

ஒலி விஷயம் அவர்கள் சொல்லிவிட்டார்கள். நாய் ஏன் இரைக்கிறது என்று யாரும் கேட்கவில்லையே! ஃபேன் இல்லை, ஏசி இல்லை, ஜன்னல் அடைப்பு, கூடவே ஓடும் லேப்டாப், 32 கிலோ லேப்ராடர். நாய்க்குப் பாதத்தில் மட்டும்தான் கொஞ்சம் வியர்க்கும், உடல் சூட்டை முக்கியமாக நாக்கு, வாய் ஈரம் ஆவியாவதன் வழியாகத்தான் தணிக்கும். சத்தத்துக்குப் பயந்து நீங்கள் ஏசியை நிறுத்துகிறீர்கள், அதனால் இரைப்புச் சத்தம் வருகிறது.

செய்ய வேண்டியது: பதிவுக்கு அரை மணி முன்பே அறையைக் குளிர வையுங்கள். தண்ணீர்க் கிண்ணம் விரிப்பின் மேல் இருக்கட்டும், டைல்ஸில் வைத்தால் நகர்ந்து கிறீச்சிடும். நடைப்பயிற்சி முடிந்து ஒரு மணி நேரமாவது கழிந்த பிறகு மைக்கைத் திறங்கள். 12–15 நிமிடத் துண்டுகளாகப் பேசி, நடுவில் கதவைத் திறந்துவிடுங்கள். அதுவும் போதவில்லையென்றால் ஏசியைக் குறைந்த வேகத்தில் ஓடவிட்டே பேசலாம். அதன் சீரான இரைச்சலை நீக்குவது எளிது, நாய் இரைப்பை நீக்குவது கடினம்.

குளிர்ந்த அறையில், ஓய்வாகப் படுத்திருந்தும் இரைத்தால் அது வேறு கதை. கூடவே கொட்டாவி, உதடு நக்கல், காதுகளைப் பின்னால் மடிப்பது இருந்தால் பதற்றம். வலி, அதிக எடை, வயதான லேப்ராடர்களில் குரல்வளைத் தளர்ச்சியும் காரணமாகலாம். நன்றாகத் தூங்கும்போது மூச்சை எண்ணுங்கள் (நெஞ்சு ஏறி இறங்கினால் ஒன்று). நிமிடத்துக்கு 30-ஐத் தாண்டுவது தொடர்ந்தால் கால்நடை மருத்துவரிடம் காட்டுங்கள். காதை அடிக்கடி படபடவென்று உதறினாலும் அப்படித்தான், உள்ளே தொற்று இருக்கலாம்.

வில்லைக்கு: ஓரத்தில் மாட்டும் சிலிகோன் உறை போதும். பட்டையையே கழற்றினால் இன்னும் நல்லது, ஆனால் வெளிக்கதவு திறக்கும் முன் மறக்காமல் மாட்டிவிடுங்கள்.

சிணுங்கலுக்குக் காரணம் எளிது. யாரையும் பார்க்காமல், உற்சாகமான குரலில், நிறுத்தாமல் பேசுகிறீர்கள். அறையில் வேறு ஆள் இல்லை, தன்னிடம்தான் பேசுகிறீர்கள் என்று அது நினைக்கிறது. பாயில் படுக்கப் பழக்குங்கள். பாய் மேஜைக்கு அப்பால், மைக்கின் பின்புறம் பார்க்கும் பக்கம், இரண்டு மீட்டர் தள்ளி. முதலில் பதிவே வேண்டாம். ஹெட்ஃபோன் மாட்டி, பாட்காஸ்ட் குரலில் 20 விநாடி பேசுங்கள். நாய் அமைதியாக இருக்கும்போதே ஒரு சிறு தீனியைப் பாயின் மேல் போடுங்கள். பிறகு 40 விநாடி, 15, ஒரு நிமிடம், 30 என்று மாற்றி மாற்றி. சிணுங்கும்போது மட்டும் போடாதீர்கள், போட்டால் சிணுங்கல்தான் பாடமாகும். ஐந்து நிமிடம் தாங்கிய பிறகு பதிவு.

நீளமான பதிவுக்கு உள்ளே குழிவான ரப்பர் பொம்மையில் இனிப்பில்லாத தயிரும் வேகவைத்த பூசணியும் அடைத்து, இரவு முழுக்க ஃப்ரீசரில் வைத்துக் கொடுங்கள். பதிவு நேரத்தில் மட்டும்தான் அது கிடைக்க வேண்டும். கீழே மடித்த துண்டு வையுங்கள், இல்லையென்றால் பொம்மை தரையில் உருளும் சத்தத்துக்கு இன்னொரு கேள்வி கேட்க வேண்டிவரும். வேர்க்கடலை வெண்ணெய் அடைப்பதாக இருந்தால் லேபிளில் சைலிட்டால் (ஒரு இனிப்பூட்டி) இருக்கிறதா என்று பாருங்கள், அது நாய்க்கு விஷம். திராட்சை, உலர்திராட்சை, சாக்லேட், வெங்காயம், பூண்டு எதுவும் கூடாது.

சாயங்கால_அலைவரிசை

மிக்க நன்றி. சோதனையில் அலைவடிவம் தடித்தது, என்ஹான்ஸ்மென்ட்ஸ் ஆன் ஆகத்தான் இருந்தது. ஆஃப் செய்து, மைக்கை 10 செ.மீ.க்குக் கொண்டுவந்து, மேல்நோக்கிச் சாய்த்ததில் இரைப்பு கிட்டத்தட்ட இல்லை. இப்போது 'ப' வரும் இடமெல்லாம் 'புஃப்' என்று காற்று அடிக்கிறது, குரலும் கொஞ்சம் கனத்துவிட்டது. பழைய முறையில் பதிந்த ஒரு அத்தியாயம் வெளியிடாமல் இருக்கிறது. அதைக் காப்பாற்ற முடியுமா? கேட் (குறிப்பிட்ட அளவுக்குக் கீழான சத்தத்தை அடைக்கும் எஃபெக்ட்) போடலாமா?

கெயின்_குறைங்க

'புஃப்' வர்றது மைக் காத்துப் போற வழியில நேரா இருக்குறதால. வாய்க்கு நேரா இல்லாம 30–45 டிகிரி பக்கமா ஒதுக்குங்க, முகம் மட்டும் வாயைப் பார்க்கட்டும். மைக்குக்கு 5 செ.மீ. முன்னாடி பாப் ஃபில்டர். குரல் கனத்தது கிட்டப் போனதோட விளைவு, 150–200 ஹெர்ட்ஸ் பக்கம் 3 டெசிபல் குறைச்சாப் போதும். கெயின் -12 டெசிபல் உச்சத்துல நிக்கட்டும். மைக் 24 பிட் தாங்கினா அதுல பதிங்க, அடக்கமா பதிஞ்சதைப் பின்னாடி ஏத்துறதுல பிரச்சினை இல்ல.

பழைய அத்தியாயத்துக்கு கேட் போடுங்க, நிறுத்துற இடமெல்லாம் சுத்தமாயிடும்.

எடிட்டிங்மேஜை

கேட் விஷயத்தில் உடன்பாடில்லை, குறைந்தபட்சம் முழுதாக மூடும் கேட்டில். அந்தப் பதிவில் சொற்களுக்கு அடியிலும் இரைப்பு இருக்கிறது. நிறுத்தத்தில் முற்றிலும் மௌனம், பேசும்போது இரைப்பு என்று வந்தால் காது அதைத்தான் கவனிக்கும். குறைப்பது போதும், அறுக்க வேண்டாம். ஆடாசிட்டி நாய்ஸ் கேட்டில் லெவல் ரிடக்‌ஷன் -10, அட்டாக் 10, ஹோல்டு 200, டீகே 250 மில்லிவிநாடி. த்ரெஷோல்டை (கேட் மூடத் தொடங்கும் அளவு) இரைப்பின் உச்சத்துக்கும் உங்கள் மெல்லிய சொல்லுக்கும் நடுவில் வையுங்கள், பெரும்பாலும் -40 பக்கம் வரும். கம்ப்ரஸருக்கு (சத்த ஏற்றத்தாழ்வைச் சமன்படுத்தும் எஃபெக்ட்) முன்னால் கேட் வர வேண்டும். கம்ப்ரஸர் 6 டெசிபல் ஏற்றினால் நாயையும் 6 ஏற்றும், அதன் பிறகு கேட்டுக்குப் பிரித்தறிய இடமே இருக்காது.

நாய்ஸ் ரிடக்‌ஷன் குரலைக் கெடுத்ததற்குக் காரணம்: அது மாறாத இரைச்சலுக்கானது. இரைப்பு விநாடிக்குப் பல தடவை வந்து வந்து போகும், அதுவும் 'ச', 'ஸ' ஒலிகள் இருக்கும் அதே பட்டையில். ப்ரொஃபைலில் (நீக்க வேண்டிய சத்தத்தின் மாதிரி) நாய் இருந்தால் அந்த எழுத்துகளையும் சேர்த்துத் தின்றுவிடும். இனிமேல் நாய் இல்லாத, ஏசி மட்டும் ஓடும் 2–3 விநாடியைத் தேர்ந்தெடுத்து ப்ரொஃபைல் எடுங்கள். குறைப்பு 6–9 டெசிபல், சென்சிட்டிவிட்டி 6. அதற்கு மேல் ஆசைப்பட வேண்டாம்.

வில்லைச் சத்தத்துக்கு ஸ்பெக்ட்ரோகிராம் (ஒலியை அதிர்வெண் வாரியாகக் காட்டும் படம்) பார்வைக்கு மாறுங்கள். 3 கிலோஹெர்ட்ஸுக்கு மேல் மெல்லிய செங்குத்துக் கீற்றுகளாகத் தெரியும். சொற்களுக்கு நடுவில் விழுந்தவற்றின் மேல் அதே அறையின் வெற்று ஒலியை ஒட்டுங்கள். மௌனத்தை ஒட்டினால் ஓட்டை விழுந்ததுபோல் கேட்கும். சொல்லின் மேலேயே விழுந்தால் அந்த வாக்கியத்தைத் திரும்பப் பேசிச் சேர்ப்பதுதான் குறுக்குவழி.

குரைப்புக்கும் அதேதான். குரைத்ததும் இரண்டு விநாடி நிறுத்தி, வாக்கியத்தை முதலிலிருந்து சொல்லுங்கள். கைதட்டி அடையாளம் வைக்கும் பழக்கம் நாய் இருக்கும் அறைக்கு ஆகாது, பதிவின்போதே கண்ட்ரோல்+எம் அழுத்தினால் லேபிள் விழும். சொல்லை மறைக்காத குரைப்பை விட்டுவிடலாம் என்பது என் கட்சி. நாயோடு வாழும் வீட்டிலிருந்து வரும் பாட்காஸ்ட்டில் நாயே இல்லாமல் இருந்தால்தான் சந்தேகம் வரும்.

கடைசியில் லவுட்னஸ் நார்மலைசேஷன். மோனோ கோப்பென்றால் "ட்ரீட் மோனோ ஆஸ் டூயல் மோனோ" டிக் செய்து -16 எல்யூஎஃப்எஸ் (காதுக்குக் கேட்கும் உரப்பின் அளவு), டிக் செய்யாவிட்டால் -19. லிமிட்டரில் உச்சம் -1 டெசிபலைத் தாண்டாமல் பாருங்கள்.

சாயங்கால_அலைவரிசை

எல்லாம் குறித்துக்கொண்டேன். இரைப்பு அடங்கியதும் லேப்டாப் ஃபேன் சத்தம் கேட்க ஆரம்பித்திருக்கிறது! பதிவு தொடங்கிப் பத்து நிமிடத்தில் வேகம் கூடுகிறது.

நாலுகால்_நண்பி

அதற்கும் உங்கள் நாய்தான் பொறுப்பு. லேப்ராடர் முடி உதிர்க்கிற வேகத்துக்கு, காற்றுத் துளைக்குள் கம்பளிப் படலமே நெய்திருக்கும்.

கெயின்_குறைங்க

ஆமா. லேப்டாப்பை ஆஃப் பண்ணி, சார்ஜரைக் கழட்டி, அடிமூடியைத் திறங்க. ஃபேன் இறக்கையை ஒரு குச்சியால அசையாம பிடிச்சுக்கிட்டு, அழுத்தக் காத்தைச் சின்னச் சின்ன வீச்சா அடிங்க. பிடிக்காம அடிச்சா இறக்கை கண்டபடி சுத்தி பேரிங் போயிடும். ஹீட்சிங்க் தகடுக்கும் ஃபேனுக்கும் நடுவுலதான் முடி அடை மாதிரி படிஞ்சிருக்கும், அதைக் காத்து தள்ளாது, ட்வீஸரால உரிச்சு எடுங்க. மைக் கிரில்லுக்குள்ள இருக்குற நுரையையும் அப்பவே பார்த்துடுங்க. கழட்டுற மாதிரி இருந்தா மிதமான சோப்புத் தண்ணியில அலசி, முழுசா காஞ்ச பிறகு மாட்டுங்க.