‘ரிடென்ஷன்’ என்பதற்குத் தமிழில் என்ன சொல்? வெள்ளிக்குள் வேண்டும்

மா. எழுதியது, செவ்வாய் காலை:

குழும நண்பர்களுக்கு வணக்கம்.

சமூகப்பணி முதுகலை மாணவர்களுக்காகத் தமிழில் ஒரு பாடக்குறிப்பு எழுதிவருகிறேன். வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகவேண்டும். அமெரிக்காவின் ஊரகப் பகுதிகளில் ஓபியாய்டு (அபின் வகை வலிநீக்கிகளும் ஹெராயின் போன்றவையும்) பழக்கத்தைத் தடுக்கவும் அதற்குச் சிகிச்சை தரவும் கூட்டரசு நல்கைகள் (நிதியுதவி) வழங்குகிறது. அந்தப் பணம் பயன் தந்ததா என்று எப்படி அளக்கிறார்கள் என்பதுதான் பாடம். 2018இல் தொடங்கிய ஊரகச் சமூகங்களுக்கான ஓபியாய்டு எதிர்கொள்ளல் திட்டத்தை எடுத்துக்காட்டாக வைத்திருக்கிறேன்.

இலக்கு, தொடக்கநிலை அளவு எல்லாவற்றுக்கும் சொல் கிடைத்துவிட்டது. ‘அவுட்புட்’டை வெளியீடு என்றும் ‘அவுட்கம்’மை விளைவு என்றும் வைத்துக்கொண்டேன். ஓபியாய்டை அளவுக்கு மீறி எடுத்தவரின் உயிரைக் காக்கும் மருந்தான நலாக்சோன் பொதிகளை எத்தனை வழங்கினார்கள் என்பது வெளியீடு. அப்படி அளவு மீறியதால் நேரும் மிகைமருந்துச் சாவுகள் குறைந்தால் அது விளைவு.

இடறுவது ‘ரிடென்ஷன்’. சிகிச்சையைத் தொடங்கியவர்களில் எத்தனை பேர் அதில் இருக்கிறார்கள் என்ற அளவு. பரவலாகப் பயன்படும் அளவுகோல் ஒன்று, மருந்து தொடங்கியவர் குறைந்தது 180 நாள் தொடர்ந்தாரா, இடையில் 7 நாளுக்கு மேல் மருந்தில்லாமல் இருந்தாரா என்று பார்க்கிறது. நான் ‘தக்கவைப்பு’ என்று எழுதினேன். வகுப்பில் வாசித்தபோது ஒரு மாணவி, “நிறுவனம் ஊழியரைத் தக்கவைப்பது போலவா, அம்மா?” என்று கேட்டார். அப்போதிருந்து அந்தச் சொல் உறுத்துகிறது.

இரா. எழுதியது, செவ்வாய் மாலை:

மா. அவர்களுக்கு,

உறுத்தியது சரியே. தக்கவைப்பு பிறவினை. வைப்பவர் ஒருவர், வைக்கப்படுபவர் மற்றொருவர். சிகிச்சைக்கு வந்தவர் பொருள் அல்லர், உயர்திணை.

அதைவிட அடிப்படையான ஒன்று. நீங்கு–நீக்கு, அடங்கு–அடக்கு, திருந்து–திருத்து என மெல்லினம் வல்லினமாகும்போது தன்வினை பிறவினையாகிறது. அந்த வாய்பாட்டில் தங்கு என்பதற்குத் தக்கு. ஆக, தக்குதலே பிறவினை. ‘வை’ அங்கே மிகை. தங்குதல் என்ற தன்வினைக்குத் திரும்புவோம். ‘பண்டுவத் தங்கல்’ என்பது என் பரிந்துரை. பண்டுவம் என்ற நல்ல சொல் இருக்கும்போது சிகிச்சை எதற்கு?

செ. எழுதியது, செவ்வாய் இரவு:

இரா. ஐயா, வாய்பாடு அழகாக இருக்கிறது, வழக்கு அதை ஏற்கவில்லை. ‘அவனிடம் செல்வம் தக்கவில்லை’ என்கிறோம். அங்கே தக்குதல் நிலைபெறுதல், தன்வினை. அது தன்வினையாக இருப்பதால்தான் பிறவினையாக்க ‘வை’ தேவைப்பட்டது. தக்கவைப்பில் மிகை எதுவும் இல்லை.

பண்டுவத் தங்கல் என்று அச்சிட்டால் மாணவர்கள் மருத்துவமனையில் படுக்கை போட்டுத் தங்குவதாகத்தான் புரிந்துகொள்வார்கள். இந்தச் சிகிச்சையில் பெரும்பாலோர் வீட்டிலிருந்து வந்து போகிறவர்கள். புரியாத சொல்லைவிடத் தவறாகப் புரியும் சொல் கெடுதல் அதிகம் செய்யும்.

பள்ளிக்கல்வியில் ‘இடைநிற்றல்’ ஊன்றிவிட்டது. அதன் எதிர்மறையாக ‘இடைநில்லாமை’ என்று வைக்கலாம். இல்லையென்றால் எளிமையாகச் ‘சிகிச்சைத் தொடர்ச்சி’.

கு. எழுதியது, புதன் காலை:

இடைநில்லாமை பொருந்தாது. மா. எழுதியதை மீண்டும் பாருங்கள்: 7 நாள் வரையிலான இடைவெளியை அளவுகோலே அனுமதிக்கிறது. ஆறு நாள் நின்று மீண்டும் வந்தவரும் கணக்கில் இருக்கிறார். இடையில் நிற்பது இந்த நோயின் இயல்பு என்று ஒப்புக்கொண்டு அமைத்த அளவுக்கு, நிற்கவே இல்லை என்று பெயர் வைப்பது பொய்.

இரா. எழுதியது, புதன் பகல்:

கு. சொல்வதை ஏற்கிறேன். அப்படியானால் ‘நிலைபேறு’. பெறு–பேறு, கெடு–கேடு, படு–பாடு என முதனிலை திரிந்த தொழிற்பெயர். நிலையைப் பெறுபவர் அவரே; தன்மானமும் காக்கப்படுகிறது.

வேறொன்றும் சொல்லவேண்டும். குறிப்பில் எங்காவது ‘போதை அடிமை’ என்று எழுதியிருந்தால் நீக்கிவிடுங்கள். அடிமை என்றவுடன் ஆளுக்கு உரியவன் வேறொருவன் ஆகிவிடுகிறான். குடிநோய் என்ற சொல்லைத் தமிழர் எவ்வளவு அருமையாக ஆக்கினார்கள்! நோய் என்றால் மருந்து உண்டு என்ற எண்ணம் கூடவே வருகிறது. வள்ளுவர் ‘களித்தானைக் காரணம் காட்டுதல்’, அதாவது குடித்து மயங்கியவனுக்குக் காரணம் சொல்லித் திருத்த முயல்வது, வீண் என்கிறார். நீருக்குள் மூழ்கியவனைத் தீவிளக்குக் கொண்டு தேடுவது போல என்று. அறிவுரையின் எல்லையை அங்கேயே காட்டிவிட்டார். களி என்ற சொல்லுக்குள் மகிழ்ச்சி, செருக்கு, மயக்கம் மூன்றும் எப்படி வந்து சேர்ந்தன என்பதைத் தனி இழையில் எழுதுகிறேன்.

மா. எழுதியது, புதன் மாலை:

ஐயா, ‘அடிமை’யை எங்கும் எழுதவில்லை. அமெரிக்க உளமருத்துவர்களின் கையேடே 2013 பதிப்பில் துர்ப்பயன்பாடு, சார்பு என்ற இரண்டு பழைய பெயர்களையும் கைவிட்டுப் ‘பயன்பாட்டுக் கோளாறு’ என்று மாற்றிக்கொண்டது. அதையே பின்பற்றியிருக்கிறேன்.

நிலைபேறு எனக்கும் பிடித்தது. ஆனால் நல்கை முடிந்தபின் திட்டம் சொந்தக் காலில் நிற்குமா என்பதற்கு அந்தச் சொல்லை ஏற்கெனவே கொடுத்துவிட்டேன். இலங்கைத் தமிழில் ‘நிலைபேறான அபிவிருத்தி’ நன்றாக வேரூன்றியது. ஒரே பக்கத்தில் திட்டத்துக்கும் நோயாளிக்கும் ஒரே சொல் வந்தால் குழப்பம்.

ந. எழுதியது, புதன் நள்ளிரவு:

நண்பர்களே, பிறவினை என்பதாலேயே எனக்குத் தக்கவைப்பு வேண்டும்.

அமெரிக்காவின் கென்டக்கி மாநில மலைப்பகுதியில், இத்தகைய நல்கையில் இயங்கிய சிறிய சிகிச்சையகம் ஒன்றில் தரவுப் பதிவு செய்துவந்தேன். ஓபியாய்டு பழக்கத்துக்குத் தரும் மருந்தான புப்ரனார்பினை எழுதித்தர, 2022 டிசம்பர் வரை அந்நாட்டில் மருத்துவருக்குத் தனி அனுமதி வேண்டியிருந்தது. எங்களிடம் அது இருந்தவர் ஒருவர்தான். அவர் வேலையை விட்டுப் போனார். மருந்தில் இருந்தவர்கள் பதினொரு பேர். நான்கு பேர் அறுபது மைல் தள்ளி இன்னொரு மருத்துவரைப் பிடித்தார்கள். மற்ற ஏழு பேரில் ஒரு பெண், மூன்று வாரம் நாள் தவறாமல் தொலைபேசியில் அழைத்து, “இன்றைக்கு யாராவது வந்தார்களா?” என்று கேட்டார். நான்காவது வாரம் அழைப்பு வரவில்லை.

அறிக்கைக்கான எங்கள் உள்படிவத்தில், விலகிய காரணத்துக்கு நான்கு கட்டங்கள்: குணமடைந்தார், இடம் மாறினார், இறந்தார், தாமாக விலகினார். எழுதித்தர ஆள் இல்லை என்பதற்குக் கட்டம் கிடையாது. ஏழு பேருக்கும் நான்காவது கட்டத்தில் குறியிட்டேன். அந்தப் பெண்ணுக்கும் அதே குறி.

தொடர்ச்சி என்றால் தொடர்கிறவர் நோயாளி. அறுந்தால் அறுத்தவரும் அவர். தக்கவைப்பு என்றால், தக்கவைக்கத் தவறியவர் யார் என்று கேட்கத் தோன்றும். நல்கை வாங்கியவர்கள் அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லட்டும்.

சாவு குறைவதே விளைவு என்று மா. எழுதியிருக்கிறார். சிறிய கவுண்டியில் (நம் மாவட்டம் போன்ற ஆட்சிப் பிரிவு) அது கண்ணுக்குப் பிடிபடாது. ஓர் ஆண்டில் மூன்று சாவு, மறு ஆண்டில் ஐந்து என்றால், நிலைமை மோசமாயிற்றா, தற்செயலா என்று யாராலும் சொல்லமுடியாது. அமெரிக்க நோய்க்கட்டுப்பாட்டு மையத்தின் பொதுத் தரவுத்தளம் கவுண்டி அளவில் 10க்குக் குறைந்த சாவு எண்ணிக்கையைக் காட்டுவதே இல்லை. ஆளை அடையாளம் கண்டுவிடுவார்கள். ஆகவே சிற்றூர்களில் இந்த ஓர் அளவின் மீதுதான் பாரம் விழுகிறது. அதன் பெயரில் பொறுப்பு யாருடையது என்பது தெரியவேண்டும்.

செ. எழுதியது, வியாழன் காலை:

ந., உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். ஆனால் நீங்கள் சொல்லும் குறை படிவத்தில் இருக்கிறது. ஐந்தாவது கட்டம் இருந்திருந்தால் எந்தச் சொல்லும் உண்மையைச் சொல்லியிருக்கும். மாணவருக்கு முதல் வாசிப்பில் விளங்குவது சிகிச்சைத் தொடர்ச்சி. என் வாக்கு அதற்கே.

கு. எழுதியது, வியாழன் பகல்:

தொடர்ச்சிக்கே நானும். காலம் இல்லை.

மா. எழுதியது, வெள்ளி காலை:

‘சிகிச்சைத் தொடர்ச்சி வீதம்’ என்று அச்சுக்கு அனுப்பிவிட்டேன். தனிமடலில் எழுதிய இருவரையும் சேர்த்தால் நான்கு பேர் அதன் பக்கம். பயிற்சிப் பகுதியில் நான்கு கட்டங்கள் கொண்ட ஒரு படிவத்தைக் கொடுத்து, இதில் விடுபட்டது என்ன என்று கேட்டிருக்கிறேன். ந. அவர்களுக்கு நன்றி.

இரா. எழுதியது, வெள்ளி இரவு:

ந. எழுதியதைப் படித்தபின் என் செவ்வாய்க்கிழமைக் கருத்தை மாற்றிக்கொள்கிறேன். வைக்கப்படுபவரைப் பற்றியே கவலைப்பட்டேன்; வைக்கவேண்டியவரை மறந்துவிட்டேன். தொடர்ச்சி, தங்கல், நிலைபேறு மூன்றிலும் அந்த வினைமுதல் மறைந்துபோகிறது. அளக்கப்படுவது திட்டம் என்றால் அதுவே எழுவாயாக நிற்கவேண்டும்: ‘திட்டம் தக்கவைத்தோர் வீதம்’. அச்சு முடிந்திருந்தால் அடுத்த பதிப்புக்கு இதைக் குறித்துக்கொள்ளுங்கள், மா. பண்டுவத்தை மட்டும் நான் விடுவதாக இல்லை.