புதுப்பிப்பு: 1-ஆம் தேதி பள்ளி திறந்துவிட்டோம்

கொரோனாவால் மூடியிருந்த பள்ளியைத் திறக்கும்போது, ஐந்தே வகுப்பறை உள்ள எங்கள் ஆர்.சி. (கத்தோலிக்க) தொடக்கப்பள்ளியில் இடைவெளி விட்டுப் பிள்ளைகளை எப்படி உட்கார வைப்பது என்று போன மாதம் இங்கே கேட்டிருந்தேன். யோசனை சொன்ன எல்லோருக்கும் நன்றி.

2021 நவம்பர் 1, சகல புனிதர்கள் திருநாள். வழக்கமாக அன்று பூசைக்குப் போவோம். இந்த முறை வாசலில் வெப்பமானியோடு நின்றேன். சிஸ்டர் விடியற்காலைப் பூசையை முடித்துவிட்டு ஓடி வந்தார். இடப் பிரச்சினையைப் பங்குச் சாமியார் தீர்த்துவைத்தார்: கோயில் மண்டபத்தில் நான்காம், ஐந்தாம் வகுப்பு. அங்கே எதிரொலி கொஞ்சம் அதிகம், ஆனால் காற்றோட்டம் அருமை.

நான் பயந்தது முகக்கவசத்துக்கு. அதைப் பிள்ளைகள் பெரியவர்களைவிட ஒழுங்காகப் போட்டார்கள். எதிர்பாராதது வேறு. இரண்டாம் வகுப்புப் பிள்ளைகள் பள்ளிக்கூடத்துக்குள் காலெடுத்து வைத்ததே அன்றுதான்! போன வருடம் முழுக்க அவர்களுக்குப் பள்ளி என்றால் கல்வித் தொலைக்காட்சியும், அம்மா வந்து வாங்கிப்போன அரிசி, பருப்பு, முட்டையும்தான். மூன்றாம் வகுப்பில் பாதிப் பேருக்கு உயிரெழுத்தே தடுமாறுகிறது. அதனால் பாடப்புத்தகத்தை மூடி வைத்துவிட்டு, 'அ'விலிருந்து தொடங்கியிருக்கிறோம். அரசின் மாலை வகுப்புத் திட்டமான இல்லம் தேடிக் கல்விக்குத் தன்னார்வலராகப் பதிவு செய்த இரண்டு முன்னாள் மாணவிகளிடம் மாலை வகுப்புக்குப் பேசி வைத்திருக்கிறேன்.

அப்புறம் தீபாவளி, அதன் பின்னாலேயே மழை விடுமுறை. பத்து நாளில் மூன்று நாள்தான் பள்ளி நடந்தது.