புதுப்பிப்பு: ஓய்வுக்காலத் தொகைக் கணக்கு, விடை கிடைத்தது

முதலீட்டு ஆலோசகர்களுக்கான என்ஐஎஸ்எம் 10-ஏ தேர்வுக்குப் படிக்கும்போது, ஓய்வுக்காலக் கணக்கு ஒன்றுக்கு ஆளுக்கொரு விடை வருவது ஏன் என்று இங்கே கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி. தேர்வில் தேறிவிட்டேன்.

கணக்கு இதுதான்: ஓய்வுபெற்ற முதல் வருடச் செலவு 6 லட்சம், 25 வருடம், பணவீக்கம் 6%, வருமானம் 8%. எவ்வளவு சேர்த்து வைக்க வேண்டும்?

பதில் சொன்னவர்களில் விருதுநகர் அண்ணன் சொன்ன வழிதான் சரி. பணவீக்கம் போக மிஞ்சும் வருமானத்தை, 8-இல் 6-ஐக் கழித்து 2% என்று போடக் கூடாது; 1.08-ஐ 1.06-ஆல் வகுத்து 1-ஐக் கழித்தால் 1.887% வரும். அப்புறம், செலவுப் பணம் வருடத் தொடக்கத்திலேயே தேவை என்பதால் எக்செல்லின் பிவி (இன்றைய மதிப்பு) ஃபார்முலாவில் கடைசி இடத்தில் 1 போட வேண்டும். விடை சுமார் 1 கோடியே 21 லட்சம். அந்த 1-ஐ விட்டால் ஏறக்குறைய 2.24 லட்சம் குறைகிறது. 2% என்று போட்டால் குறைவது ஒன்றரை லட்சம் போல. ஆளுக்கொரு விடை வந்ததன் ரகசியம் இவ்வளவுதான்.

மாதிரித் தேர்வுகளை நேரம் வைத்து எழுதச் சொன்ன யோசனையும் உதவியது. மதுரை நத்தம் சாலை கலைஞர் நூலகத்தில் உட்கார்ந்து எழுதினேன், ஏசி வேறு!

எதிர்பாராதது: கணக்கைவிட செபி (பங்குச் சந்தையை ஒழுங்குபடுத்தும் அமைப்பு) விதிமுறைக் கேள்விகள்தான் என்னைத் திணறடித்தன. தவறான விடைக்கு அந்தக் கேள்வியின் மதிப்பெண்ணில் 25% கழிப்பார்கள், தேறுவதற்கு 60% வேண்டும். அதனால் சந்தேகமானவற்றைத் தொடாமல் விட்டேன். முதலீட்டு ஆலோசகராகப் பதிவு செய்ய இரண்டாம் நிலைத் தேர்வான 10-பியும் வேண்டும், அடுத்து அதுதான்.