பகவதிபுரம் ஸ்டேஷன்: மீட்டர்கேஜ்ல ஏறினவங்க யாராவது இருக்கீங்களா?

புளியரைக்காரன்:
2010 செப்டம்பர். கேரளா பக்கம் போற புனலூர் மீட்டர்கேஜ் லைனை (அந்தக் குறுகலான பாதை) அகலப்பாதைக்காக மூடப் போறாங்கன்னு தெரிஞ்சு பகவதிபுரம் போனேன். அடுத்த ஸ்டேஷன் செங்கோட்டைக்கு ஒரு டிக்கெட். பயணத்துக்கு இல்ல, அந்த அட்டைக்காக. மாஸ்டர் ஒண்ணை உருவி, தேதி மெஷின்ல விட்டு 'டடக்'னு இழுத்தார். "வச்சுக்கவா?"ன்னார். தலையாட்டினேன். செங்கோட்டை வாசல்ல கறுப்புக் கோட்டு கையை நீட்டினதும் பழக்கதோஷத்துல கொடுத்துட்டேன்! ரோட்டுக்கு வந்த பிறகுதான் உறைச்சது. திரும்பிப் போய்க் கேட்க வாய் வரல. இன்னைக்கும் அந்தக் கை கண்ணுலயே நிக்கி.

செங்கோட்டை மருமகள்:
எனக்கு 1981. கரி எஞ்சின், முன்னால ஒண்ணு, பின்னால தள்ள ஒண்ணு. வெள்ளைக்காரன் போட்ட லைன், ஏத்தம் அப்படி. பகவதிபுரத்துல அப்பா கூஜாவோட தண்ணி பிடிக்க இறங்கினாங்க. அதுக்குள்ள டிரைவர் கைக்கு டோக்கன் வளையம் போயிருச்சு, வண்டி நகந்துருச்சு. உடனே குகை. ஷட்டரை இறக்கியாச்சு, ஒரே புகை, அம்மா இருட்டுல எங்க கையை மட்டும் எண்ணிக்கிட்டே இருந்தாங்க. ஆரியங்காவுல கதவைத் திறந்தா அப்பா நிக்காங்க, முகமெல்லாம் கரி, கூஜா நிறையத் தண்ணி. பின் எஞ்சின்ல தொத்தி வந்தாங்களாம். கொல்லம் வரைக்கும் அம்மா பேசவே இல்ல.

சிவப்புக்கொடி:
அக்கா கோவிக்காதீங்க, பின் எஞ்சின்ல பயணியை ஏத்த மாட்டாங்க. வண்டிக் கடைசியில கொடி காட்டற கார்டோட பெட்டியா இருக்கும். அப்புறம் 'வெள்ளைக்காரன் போட்ட லைன்'ங்கறது பாதிதான் சரி. போட்டது தென்னிந்திய ரயில்வே கம்பெனி, பணத்துல திருவிதாங்கூர் சமஸ்தானத்துக்கும் பங்கு உண்டு. மூலம் திருநாள் காலம். 1904 நவம்பர்ல கொல்லத்துல இருந்து செங்கோட்டை வரைக்கும் வண்டி வந்தப்ப பகவதிபுரமே திருவிதாங்கூர் மண்ணுதான். நம்ம பக்கம் வந்தது 1956 நவம்பர் 1. டோக்கனும் சும்மா வளையம் இல்ல. அதுல தொங்கற பையில ஒரு இரும்புப் பந்து இருக்கும். அடுத்த ஸ்டேஷன்காரர் சம்மதம் கொடுத்தாத்தான் மெஷின் அந்தப் பந்தை வெளிய விடும். அது அங்க போய்ச் சேர்ற வரைக்கும் இன்னொண்ணு வராது. ஒத்தை லைன்ல ரெண்டு வண்டி முட்டாம இருந்தது அதனாலதான்.

புளியரைக்காரனுக்கு ஒண்ணு: அட்டை டிக்கெட்டை லேமினேஷன் பண்ணாதீங்க, சூட்டுல கெட்டுப்போகும். காகித உறையில போட்டு, வெயில் படாம, பீரோவுல வையுங்க. பசையே கூடாது. நானும் ஒரு தடவை பகவதிபுரத்துல இறங்கியிருக்கேன், மழை.

புளியரைக்காரன்:
அண்ணே, டிக்கெட்டே எங்கிட்ட இல்லைங்கறதுதான் கதையே.

செங்கோட்டை மருமகள்:
கார்டு பெட்டின்னா முகத்துல கரி எப்படி வரும்?

சிவப்புக்கொடி:
குகைக்குள்ள எங்க நின்னாலும் வரும்.

செங்கோட்டை மருமகள்:
எங்க முகத்துல இல்லையே. ஷட்டர் போட்டிருந்தோம்.

தண்டவாளம்_77:
2018ல லைன் திறந்த பிறகு ஒரு தடவை அந்தக் குகை வழியா போனேன். டீசல் வண்டி. எதிர்ல இருந்த பெரியவர் மட்டும் குகை வந்ததும் எழுந்து ஷட்டரை இறக்கினார். யாரும் ஏன்னு கேக்கல. மறுபக்கம் வெளிச்சம் வந்ததும் அவரே ஏத்திவிட்டார்.

செங்கோட்டை மருமகள்:
எந்தப் பக்கத்து சீட்டு? அப்பா அப்ப இருந்தாங்க, தனியா கொல்லம் போவாங்க.