ஹெர்னியா பைக்குள் அப்பெண்டிக்ஸ்: நீங்கள் பார்த்ததுண்டா?

கத்தியும் நூலும்:
போன வாரம் சாதாரண வலப்பக்கத் தொடை இடுக்கு ஹெர்னியா என்று நினைத்துத் தொடங்கிய ஆபரேஷன். நோயாளிக்கு அறுபதை ஒட்டிய வயது. பல வருடமாக வந்து போய்க்கொண்டிருந்த வீக்கம், ஆறு மாதமாக முழுதாக உள்ளே போகவில்லை. வலியோ காய்ச்சலோ இல்லை. சிறுகுடலோ கொழுப்புத் திரையோ இருக்கும் என்று பையைத் திறந்தால், சுண்டுவிரல் போல ஒன்று பையின் சுவரில் ஒட்டிக்கொண்டு கிடக்கிறது. மெல்ல இழுத்தேன், பின்னாலேயே சீகம் (பெருங்குடலின் தொடக்கப் பகுதி) எட்டிப் பார்த்தது. அப்பெண்டிக்ஸேதான்! பதினாறு வருடத்தில் எனக்கு இது இரண்டாவது.

அதற்குள் நர்ஸ், பலவீனமான இடத்தை வலுப்படுத்த வைக்கும் செயற்கை வலையான மெஷ்ஷின் உறையைக் கையில் எடுத்துவிட்டார். "பிரிக்கவா சார்?" "கொஞ்சம் பொறுங்கம்மா" என்றேன். அந்த ஒரு நிமிடத் தயக்கத்தைப் பற்றித்தான் கேட்க வந்தேன். அப்பெண்டிக்ஸ் வெளிறி, மெலிதாக, நன்றாகவே இருந்தது. அதை எடுத்தால் குடலைத் திறந்ததாகிவிடும். சுத்தமான ஆபரேஷன் என்ற கணக்கு போய்விடும். கிருமி பிடித்துவிடுமோ என்று அந்த இடத்தில் மெஷ் வைக்கக் கை கூசும். கடைசியில் ஒட்டியிருந்ததை விடுவித்து, உள்ளே தள்ளிவிட்டு, லிச்டென்ஸ்டைன் முறையில், அதாவது அதே கீறல் வழியாக, மெஷ் வைத்துத் தைத்தேன். நீங்கள் என்ன செய்திருப்பீர்கள்?

இரவுப்பணி:
நான் எடுத்திருப்பேனோ என்னவோ! பிரித்தெடுக்கும்போது நாம் அதைத் தொட்டு, நசுக்கி, வீங்க வைக்கிறோம். பிறகு அது சும்மா இருக்குமா என்று ஒரு பயம் உண்டு. ஆனால் அறுபது வயதில், அழற்சி இல்லாத நிலையில், நீங்கள் செய்ததைத்தான் பெரும்பாலோர் செய்வார்கள். இருபது வயதுப் பையன் என்றால், பின்னாளில் அழற்சி வர வாய்ப்பு அதிகம் என்பதால், வாதம் வேறு.

என் கதை இதற்கு நேர்மாறு. எழுபதைத் தாண்டிய ஒருவர், இரண்டு நாள் வலியோடு நள்ளிரவில் வந்தார். தொடை இடுக்கு சிவந்து, தொட விடவில்லை. குடல் சிக்கி அழுகத் தொடங்கிவிட்டது என்று முடிவு கட்டினேன். உண்மையில் அவருக்கு வாந்தி இல்லை, வயிறு உப்பவில்லை, வாயு பிரிந்துகொண்டிருந்தது. குடல் அடைபட்டிருந்தால் இப்படியா இருக்கும்? அப்போதே யோசித்திருக்க வேண்டும், யோசிக்கவில்லை. பையைத் திறந்ததும் சீழ் வந்தது, நுனி கறுத்த அப்பெண்டிக்ஸ் தெரிந்தது. அடிப்பகுதி நன்றாக இருந்ததால் அதே கீறல் வழியாக எடுத்துவிட்டேன். வயிற்றுக்குள் சீழ் பரவவில்லை. பரவியிருந்தால் நடுவயிற்றைத் திறக்காமல் தப்பியிருக்க முடியாது.

மெஷ் பக்கமே போகவில்லை, சொந்தத் தசையை இழுத்துத் தைத்தேன். இரண்டாம் வருடம் ஹெர்னியா திரும்பி வந்தது. அவர் மகன் என்னை ஒரு வாங்கு வாங்கினார். அப்புறம் லேப்ராஸ்கோப்பியில் மெஷ் வைத்துச் சரி செய்தோம். கிருமி பிடித்த மெஷ்ஷைத் தோண்டி எடுத்த அனுபவம் எனக்கு ஒருமுறை உண்டு. அதை நினைத்தால் அந்தத் திட்டு ஒன்றுமே இல்லை.

சின்னக்கை:
குழந்தைகளுக்கு ஆபரேஷன் செய்கிற எங்களுக்கு இந்த மெஷ் தலைவலி இல்லை. பையை மேலே வரை பிரித்துக் கட்டிவிட்டால் போதும். பிறப்பதற்கு முன்பே மூட வேண்டிய பாதை திறந்தே இருப்பதால், பெரியவர்களைவிடக் குழந்தைகளிடம்தான் இதை அதிகம் பார்க்கலாம். ஐந்து வாரக் கைக்குழந்தை ஒன்று, வலது விரைப்பை சிவந்து வீங்கி வந்தது. விரை முறுக்கிக்கொண்டது என்று ஓட்டமாக ஓடித் திறந்தோம். விரை நன்றாகத்தான் இருந்தது. மேலே பைக்குள் வீங்கிய அப்பெண்டிக்ஸ்! அவசரமாகத் திறந்ததில் நஷ்டம் எதுவும் இல்லை என்பதுதான் ஆறுதல்.

கையெழுத்திட்டவன்:
நான் டாக்டர் இல்லை, நோயாளி. "ஹெர்னியாவோடு அப்பெண்டிக்ஸையும் எடுத்துவிட்டோம்" என்று மறுநாள் காலை சொன்னபோது எனக்குக் கோபம்தான் வந்தது. நான் கையெழுத்துப் போட்டது ஹெர்னியாவுக்கு மட்டும். வீங்கியிருந்தது, விட முடியாது என்று விளக்கிய பிறகு புரிந்தது. ஆனால் "உள்ளே வேறு ஏதாவது இருந்தால் அதையும் பார்க்க வேண்டி வரலாம்" என்று முதலிலேயே ஒரு வரி சொல்லியிருக்கலாமே?

நிழற்படம்:
ஆபரேஷனுக்கு முன்பே எங்களைக் கேட்டால் சில சமயம் சொல்லிவிடுவோம். சி.டி. ஸ்கேனில் சீகத்திலிருந்து கிளம்பி, நுனி மூடிய ஒரு குழாய் ஹெர்னியாவுக்குள் போவது தெரியும். ஆனால் சாதாரண ஹெர்னியாவுக்கு யார் சி.டி. எடுக்கிறார்கள்? எடுக்கவும் வேண்டாம். அல்ட்ராசவுண்டில் நானே ஒருமுறை அதைச் சிறுகுடல் வளைவு என்று எழுதித் தவறவிட்டிருக்கிறேன். ஒருமுறை இடப்பக்கத்திலும் பார்த்தேன். சீகம் கட்டில்லாமல் அலைந்துகொண்டிருந்ததால் அங்கே போய்விட்டது.

படிப்பாளி:
வாய்மொழித் தேர்வில் இதே கேள்வியில் மாட்டினேன்! இந்த ஹெர்னியாக்களுக்கு அறுவை மருத்துவர்களின் பெயர்கள்தான். தொடை இடுக்கு ஹெர்னியாவில் அப்பெண்டிக்ஸ் இருந்தால் அமியாண்ட். அதற்குக் கீழே தொடை ஹெர்னியாவில் இருந்தால் டி காரன்ஜோ. நான் மாற்றிச் சொன்னேன். தேர்வாளர் சிரித்துக்கொண்டே, "அமியாண்டுக்குக் கிடைத்தது யார் தெரியுமா?" என்று கதையைச் சொன்னார். 1735, லண்டன், 11 வயதுச் சிறுவன். ஹெர்னியாவுக்குள் அப்பெண்டிக்ஸ், அதைத் துளைத்துக்கொண்டு ஒரு குண்டூசி. மயக்கமருந்து வர இன்னும் நூறு வருடத்துக்கு மேல் இருக்கிறது. பையன் பிழைத்தான். பதிவான முதல் வெற்றிகரமான அப்பெண்டிக்ஸ் ஆபரேஷன் அதுதான். அதற்குப் பிறகு நான் மாற்றிச் சொன்னதே இல்லை.

நூறு ஹெர்னியாவில் ஒன்று அல்லது அதற்கும் குறைவு, அழற்சியோடு இருப்பது ஆயிரத்தில் ஒன்று அளவில் என்று பாடம் சொல்கிறது. நான்கு வகையாகப் பிரிக்கும் லோசனாஃப்–பாசன் முறையும் 2007இல் வந்தது. சார் செய்தது அழற்சி இல்லாத முதல் வகை, இரவுப்பணி சார் செய்தது அழற்சி பைக்குள்ளேயே அடங்கிய இரண்டாவது. சரிதானே?

கத்தியும் நூலும்:
சரிதான் தம்பி. கையெழுத்திட்டவன் சொன்னது எனக்கு உறைத்தது. இன்று முதல் ஒப்புதல் படிவத்தில் அந்த வரியைச் சேர்த்துவிட்டேன். என் நோயாளி நேற்றுத் தையல் பிரிக்க வந்தார், காயம் நன்றாக ஆறியிருக்கிறது. "அந்த வால் இன்னும் உள்ளேதானே இருக்கிறது?" என்று கேட்டார். இருக்கிறது என்றேன். டிஸ்சார்ஜ் தாளிலும் "அப்பெண்டிக்ஸ் அகற்றப்படவில்லை" என்று பெரிதாக எழுதி, அடிக்கோடு போட்டுக் கொடுத்தேன். நாளைக்கு வலது அடிவயிறு வலித்து வேறு எங்காவது போனால், இந்தத் தழும்பைப் பார்த்து ஏமாந்துவிடக் கூடாது அல்லவா.