அக்டோபரில் மோவாப், ஆறு பேர், இரண்டு நாள்: ஸ்லிக்ராக்குக்கு எல்லோரும் போகலாமா?

கேள்வி – டென்வர்சக்கரம்

அக்டோபர் இரண்டாவது வாரக்கடைசியில் ஆறு பேர் டென்வரிலிருந்து யூட்டாவின் மோவாபுக்குப் போகிறோம். வெள்ளி ராத்திரி போய்ச் சேர்ந்து, ஞாயிறு மதியம் கிளம்பணும். மூன்று பேர் நன்றாக ஓட்டுவார்கள். இரண்டு பேர் இந்த வருஷம்தான் மவுண்டன் பைக் ஆரம்பித்தார்கள். ஒருவரிடம் இ-பைக். வெறும் மணற்பாறை மேலேயே ஏறி இறங்கும் ஸ்லிக்ராக் டிரெயிலுக்கு எல்லோரும் சேர்ந்தே போகலாமா? டென்ட் போட்டு, சாயங்காலம் ஒன்றாகச் சமைத்துச் சாப்பிடுவதும் முக்கியம். எல்லா வண்டியும் 29 இன்ச் சக்கரம், டியூப்லெஸ். என்னென்ன எடுத்து வரணும்?

பதில் – மணற்பாறை

புதியவர்களை ஸ்லிக்ராக்குக்குக் கூட்டிப் போகாதீர்கள். முழுச் சுற்று 10.5 மைல்தான், ஆனால் மூன்று நான்கு மணி நேரம் பிடிக்கும். ஏற்றம் எல்லாம் சுவர் மாதிரி நிற்கும். பக்கத்தில் பயிற்சிச் சுற்று என்று ஒன்று உண்டு. அது நீளத்தில்தான் குறைவு, கடினத்தில் இல்லை.

சனிக்கிழமை காலை ஆறு பேரும் ஊருக்கு வடக்கே மோவாப் பிராண்ட்ஸ் என்கிற டிரெயில் தொகுப்புக்குப் போங்கள். பார்-எம், லேஸி, ஈஸி என்கிற சுலபமான பாதைகள் எல்லாம் அங்கே பின்னிக் கிடக்கின்றன. நன்றாக ஓட்டுபவர்கள் அங்கேயே கடினமான கிளைகளில் நுழைந்து மீண்டும் சேர்ந்துகொள்ளலாம். ஒவ்வொரு பிரிவிலும் பின்னால் வருபவர் கண்ணில் படும்வரை முன்னால் போனவர் நிற்கணும். அந்த ஒரு விதி போதும், யாரும் தொலைய மாட்டார்கள்.

ஞாயிறு விடிந்ததும் மூன்று பேர் ஸ்லிக்ராக். பாறையில் வெள்ளைக் கோடுகள் தெரியும், அவற்றை விட்டு விலகாதீர்கள். ஏற்றத்தில் சீட்டின் நுனிக்கு வந்து, முழங்கையை மடக்கி மார்பைத் தாழ்த்தினால்தான் முன்சக்கரம் தூக்காது. எழுந்து நின்று மிதித்தால் பின்சக்கரம் வழுக்கும். பள்ளங்களில் மணல் தேங்கியிருக்கும். அங்கே பிரேக் தொடாமல், எடையைக் கொஞ்சம் பின்னால் தள்ளி மிதித்துக்கொண்டே கடக்கணும்.

இ-பைக் நண்பரும் வரலாம். 1969-ல் மோட்டார் சைக்கிள்காரர்கள் போட்ட பாதை அது, இன்றும் மோட்டாருக்கு அனுமதி உண்டு. மற்ற டிரெயில்களில் விதி இடத்துக்கு இடம் மாறும், தொடக்கத்தில் இருக்கும் பலகையைப் பார்த்துவிட்டு ஏறச் சொல்லுங்கள்.

பதில் – சீலன்ட்_செல்வம்

வண்டி பற்றி மட்டும் சொல்கிறேன். 2.4 இன்ச் டயர், 75 கிலோ ஆள் என்றால் காற்றழுத்தம் முன்னால் 22, பின்னால் 25 பிஎஸ்ஐயில் தொடங்குங்கள். பாறை விளிம்பில் ரிம் இடித்தால் பின்னால் இரண்டு கூட்டுங்கள். காற்றைக் காலையில் கிளம்பும்போது பாருங்கள். மதியம் 25 டிகிரியில் அடித்து வைத்தது, விடியற்காலை 5 டிகிரியில் இரண்டரை பிஎஸ்ஐ வரை குறைந்து நிற்கும். ராத்திரி பஞ்சர் ஆகிவிட்டதோ என்று பலர் டயரைக் கழற்றுவது இதனால்தான்.

சீலன்ட், அதாவது டயருக்குள் ஊற்றும் ஓட்டை அடைக்கும் திரவம், டயருக்கு 100 முதல் 120 மில்லி. அந்த வறண்ட காற்றில் சீக்கிரம் காய்ந்துவிடும், எனவே கோடையில் ஊற்றியதை நம்பாதீர்கள். வால்வின் உள்பாகத்தைக் கழற்றி ஒரு குச்சியை விட்டுப் பாருங்கள். நுனி ஈரமாக வராவிட்டால் புதிதாக ஊற்றணும். அங்கே கோட்ஹெட் என்கிற முள் அதிகம், நம்ம ஊர் நெருஞ்சியேதான். குத்தினால் பிடுங்கிவிட்டு, ஓட்டை கீழே வரும்படி சக்கரத்தைச் சுழற்றி நிறுத்துங்கள்.

ஒவ்வொரு வண்டிக்கும் அதற்கே உரிய டீரெய்லர் ஹேங்கர் (பின் கியர் மாற்றியை ஃபிரேமோடு பிடிக்கும் சிறு உலோகத் துண்டு) ஒன்று வேண்டும். ஒன்றுக்கு வாங்கியது மற்றதற்குப் பொருந்தாமல் போகலாம், அவசரத்துக்கு மோவாப் கடையில் உங்கள் மாடல் இருக்கும் என்ற உத்தரவாதமும் இல்லை. கூட்டத்துக்குப் பொதுவாக செயின் கட்டர், 12 கியருக்கான இணைப்புக் கண்ணி இரண்டு, டயர் ஓட்டையை அடைக்கும் பிளக் கிட், ஒரு டியூப். பிரேக் பேட் ஒரு மில்லிமீட்டருக்குக் கீழே போயிருந்தால் வீட்டிலேயே மாற்றிவிடுங்கள்.

பதில் – அடுப்படி

டென்ட் போட்டுத் தங்க, ஊருக்குப் பக்கத்தில் இருக்கும் சாண்ட் ஃபிளாட்ஸ் சரியான இடம். ஸ்லிக்ராக் தொடக்கத்துக்கு அங்கிருந்து சைக்கிளிலேயே போகலாம். ஆனால் வெள்ளி ராத்திரி போனால் அக்டோபரில் இடம் கிடைக்காது. டென்வரிலிருந்து 350 மைல், ஆறு மணி நேர ஓட்டம். ஒரு கார் வெள்ளி விடியற்காலையே கிளம்பி மதியத்துக்குள் இடம் பிடிக்கட்டும்.

அங்கே குடிநீர் கிடையாது. ஓட்டும்போது ஆளுக்கு 3 லிட்டர், சமையல், பாத்திரம் எல்லாம் சேர்த்தால் ஒரு நாளைக்கு ஆளுக்கு 6 லிட்டர் கணக்கு வையுங்கள். விறகையும் ஊரில் வாங்கிக்கொள்ளணும், அங்கே பொறுக்கக் கூடாது. ஆறே முக்காலுக்கெல்லாம் சூரியன் மறைந்து சட்டென்று குளிரும். வியர்த்த சட்டையோடு அடுப்பு மூட்ட உட்காராமல் முதலில் உடை மாற்றுங்கள். சனி மதியத்துக்குப் புளியோதரை நல்ல யோசனை, கெடாது, உப்பும் சேரும். ராத்திரிக்கு ஒரே குண்டானில் காய்கறி போட்ட சாம்பார் சாதம் வைத்தால் இரண்டு பர்னர் அடுப்பு போதும்.

டென்வர்சக்கரம்

நன்றி. நடுவில் மழை வந்தால்?

மணற்பாறை

ஈரப் பாறையில் மணல் ஒட்டி வழுக்கும், காயும்வரை காத்திருங்கள். பாறைக் குழிகளில் தேங்கிய நீரில் சக்கரத்தை விடாதீர்கள், கையும் கழுவாதீர்கள். அந்தக் கொஞ்ச நாள் தண்ணீரில்தான் சின்னஞ்சிறு இறால்கள் முட்டையிட்டு வாழ்கின்றன. பாதையோரம் கறுப்பாகப் பொருக்குக் கட்டிய மண்ணையும் மிதிக்கக் கூடாது. ஒரு தடம் பதிந்தால் பழையபடி ஆகப் பல ஆண்டுகள் பிடிக்கும்.