மைல்டு காக்னிட்டிவ் இம்பேர்மென்ட்: ‘அறிதிறன் சுணக்கம்’ என்று வைக்கலாமா?

அன்புள்ள குழுவினருக்கு, வணக்கம்.

நினைவும் சிந்தனையும் இலேசாகக் குறைந்த நிலையைக் குறிக்கும் மைல்டு காக்னிட்டிவ் இம்பேர்மென்ட் என்பதற்குத் தமிழில் என்ன சொல் வைப்பது என்று இரண்டு வாரமாக இந்த இழையில் நடந்துவரும் உரையாடலை ஒரு மடல் விடாமல் படித்தேன். பழைய வண்ணாரப்பேட்டையில் முதியோருக்காக நடக்கும் நினைவுச் சோதனை முகாம்களுக்குப் படிவங்களையும் விளக்கத் தாள்களையும் தமிழாக்கித் தருபவன் நான். ஆகவே சற்று விரிவாகவே எழுத வேண்டியிருக்கிறது. இந்தச் சொல் அகராதியோடு நின்றுவிடப் போவதில்லை. ஒருவர் கையில் தாளாகக் கொடுக்கப்பட்டு, வீட்டில் மகனோ மருமகளோ சத்தமாகப் படித்துக் காட்டப்போகிற சொல் இது.

சொல்லுக்கு முன் பொருளைத் தெளிவாக்கிக்கொள்வோம். 1906-ல் ஜெர்மனியின் ட்யூபிங்கனில் மருத்துவர் அலாய்ஸ் ஆல்சைமர், அவுகுஸ்தெ டேட்டர் என்ற பெண்மணியின் இறப்புக்குப் பிறகு அவரது மூளையில் கண்ட படிவுகளையும் முடிச்சுகளையும் பற்றிப் பேசினார். அதன்பின் பல பத்தாண்டுகள், அவர் பெயராலேயே வழங்கும் இந்த ஆல்சைமர் நோய் முற்றிய கட்டத்தில்தான் மருத்துவர் கண்ணில் பட்டது. வயதுக்கு இயல்பான மறதிக்கும் அன்றாட வாழ்வே தடுமாறும் அளவுக்கு நினைவும் சிந்தனையும் குன்றுகிற முழுமையான டிமென்ஷியாவுக்கும் நடுவே ஓர் இடைக்கட்டம் இருப்பதை, 1999-ல் அமெரிக்காவின் மேயோ கிளினிக் மருத்துவமனையைச் சேர்ந்த ரொனால்ட் பீட்டர்சனும் உடன் பணியாற்றியோரும் வரையறுத்து எழுதிய பிறகே அது பரவலாகப் பேசப்பட்டது. அதன் சாரம் இதுதான்: சோதனையில் குறைவு தெரியும், ஆனால் சமையல், கடைகண்ணி, வரவுசெலவு முதலிய அன்றாட வேலைகளை அவர் தாமே பார்த்துக்கொள்வார். இவர்களில் சிலர் டிமென்ஷியாவை நோக்கிப் போவார்கள், சிலர் அப்படியே இருப்பார்கள், சிலர் இயல்பு நிலைக்குத் திரும்பிவிடுவார்கள். பி12 குறைவு, தைராய்டு சுரப்புக் குறைவு, மனச்சோர்வு, தூக்கமின்மை, சில மாத்திரைகளின் விளைவு ஆகியவற்றால் வரும் மறதி, காரணத்தைச் சரிசெய்தால் குறையக்கூடும்.

இன்றைய ஆய்வாளர்களின் கவனம் இந்த வாசலில்தான் குவிந்திருக்கிறது. ஆல்சைமர் கண்ட படிவுகளில் இருக்கும் அமிலாய்டு புரதம், அறிகுறி தோன்றுவதற்கு 15, 20 ஆண்டுகளுக்கு முன்பே மூளையில் சேரத் தொடங்குகிறது என்று தெரிந்துவிட்டது. 2023-ல் அமெரிக்காவில் முழு ஒப்புதல் பெற்ற லெக்கானமேப் மருந்தும் இந்த இடைக்கட்டத்தில் இருப்பவர்களுக்கும் டிமென்ஷியாவின் தொடக்கத்தில் இருப்பவர்களுக்கும் மட்டுமே உரியது. 18 மாதச் சோதனையில் அது சரிவின் வேகத்தைச் சுமார் 27 விழுக்காடு குறைத்ததே தவிர, நிறுத்தவில்லை. ஆக, ஆள் இந்தக் கட்டத்திலேயே வந்தாக வேண்டும், வந்தவர் மீண்டும் வர வேண்டும். நாம் வைக்கும் பெயர் அவரை விரட்டிவிட்டால் அது எத்தனை இலக்கணச் சுத்தமாக இருந்தும் பயனில்லை.

இனி, முன்மொழியப்பட்ட சொற்களுக்கு வருகிறேன். ‘மிதமான அறிவாற்றல் குறைபாடு’ என்பதில் முதல் சொல்லே தவறு. நாள்தோறும் வானிலை அறிக்கையில் இலேசான மழை, மிதமான மழை, கனமழை என்று மூன்றாகப் பிரித்துக் கேட்டுப் பழகிய காதுக்கு, மிதம் என்பது நடுத்தரத்தைக் குறிக்கும். நோய் ஒரு படி முற்றிவிட்டதாகவே அது பொருள்படும். ‘புலனுணர்வுக் குறைபாடு’ ஐம்புலன்களைச் சுட்டுவது. காது மந்தமாவது டிமென்ஷியாவுக்கான இடர்க்காரணிகளுள் ஒன்று என்பதால், உண்மையான புலன்குறையைப் பற்றியும் இதே தாளில் எழுத வேண்டியிருக்கிறது. அங்கே இந்தச் சொல் பெருங்குழப்பம் விளைவிக்கும். ‘அறிதிறன் தளர்ச்சி’ எனக்கும் முதலில் பிடித்திருந்தது. ஆனால் வடசென்னையில் தளர்ச்சி என்றாலே சுவரொட்டியில் இருக்கும் ‘நரம்புத் தளர்ச்சி’தான் நினைவுக்கு வரும், அந்தச் சுவரொட்டிகள் எதற்காக ஒட்டப்படுகின்றன என்பது எல்லோருக்கும் தெரியும். எழுபது வயதுப் பெரியவர் அந்தத் தாளை மடித்துப் பையில் ஒளித்துக்கொள்வார்.

மறதியைக் குறிக்கும் பழஞ்சொல்லான ‘பொச்சாப்பு’ என்று எழுதிய ஐயாவின் புலமையை மதிக்கிறேன். குறளில் ‘பொச்சாவாமை’ 54-ஆம் அதிகாரம். ஆயினும் அங்கே பேசப்படுவது, மகிழ்ச்சி மிகுதியில் மெய்ம்மறந்து செய்ய வேண்டியதைச் செய்யாமல் விடும் சோர்வு. அது ஒழுக்கக் குற்றம். மூளையில் புரதம் சேர்ந்ததால் தடுமாறுகிற ஒருவரைக் குற்றவாளியாக்கும் சொல்லை, எவ்வளவு பழமையானதானாலும், நான் ஏற்க மாட்டேன்.

மிச்சமிருப்பது ‘அறிவாற்றல் குறைபாடு’. பெரும்பாலோர் இதற்கே இசைந்திருக்கிறீர்கள், இது அச்சிலும் ஏறிவிட்டது. எனக்கு இதன்மேல் இருக்கும் மறுப்பு படித்து வந்ததன்று. காசிமேட்டில் விடியற்காலை ஏலத்தில் மீன் எடுத்து, கூடையில் வைத்துத் தெருத்தெருவாக விற்கும் ஓர் அம்மாவை அவருடைய மகன் முகாமுக்கு அழைத்து வந்திருந்தார். வாடிக்கை வீடுகளில் வாங்கிய பணத்தையே மறுபடி கேட்கிறார் என்பது மகனின் கவலை. நூறிலிருந்து ஏழு ஏழாகக் கழித்துச் சொல்லும்படி படிவம் கேட்டது. அவர் எங்கள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் இருந்த செவிலியர் சட்டென்று, “ஆயா, வஞ்சிரம் முந்நூத்தி எழுபது, ஐந்நூறு ரூபாய் குடுத்தா மீதி எவ்ளோ?” என்றார். கேள்வி முடியும் முன்பே “நூத்தி முப்பது” என்று பதில் வந்தது. பள்ளிக்கூடம் போகாதவர்களுக்கு இந்தச் சோதனைகள் அப்படியே பொருந்தா என்பதை அறிந்துதான் 1990-களில் அரியானாவின் பல்லப்கரில் எழுதப் படிக்கத் தெரியாத முதியோருக்கு ஏற்ற இந்தி வடிவத்தை ஆய்வாளர்கள் உருவாக்கினார்கள். இருந்தும் வேறு சில பகுதிகளில் அவருக்கு உண்மையாகவே குறைவு தெரிந்தது. ஐந்து நிமிடத்துக்கு முன் சொன்ன மூன்று சொற்களில் ஒன்றுகூட நினைவில் நிற்கவில்லை.

முடிவுத் தாளில் ‘அறிவாற்றல் குறைபாடு’ என்று இருந்தது. மகன் அதை உரக்கப் படித்தார். அந்த அம்மா, “எனக்கு அறிவு கொறஞ்சு போச்சுன்னா எழுதியிருக்கு?” என்று கேட்டார். குரலில் கோபம் இல்லை. கூடைக்கு அடியில் வைக்கும் சும்மாட்டுத் துணியை உதறி மடித்துக்கொண்டு எழுந்துவிட்டார். இரத்தப் பரிசோதனைக்கு வரச் சொன்ன நாளில் வரவில்லை. அந்தத் தாளைத் தமிழாக்கியவன் நான். நம் பேச்சில் அறிவு என்பது வசையோடு ஒட்டிப் பிறந்த சொல். ‘அறிவில்லையா உனக்கு’ என்பதைக் கேட்காமல் வளர்ந்தவர் யார்? காக்னிஷன் என்பதோ அறிவின் அளவன்று. நினைவில் இருத்தல், கவனித்தல், சொல் எடுத்தல், திட்டமிடுதல், இடம் அறிதல் ஆகியவற்றைச் செய்யும் திறன். ஆகவே ‘அறிதிறன்’ என்பதே பொருத்தம். ‘அறிவு’ பெயர்ச்சொல்லாய் நின்று உடைமையைக் குறிக்கிறது. ‘அறி’ வினையாய் நின்று செயலைக் குறிக்கிறது.

குறைபாடு என்பதற்கு ஈடான சொல்லையும் அந்த அம்மாதான் தந்தார் என்று சொல்லலாம். எப்போது மறதி அதிகம் என்று கேட்டபோது, “காலைல ஏலத்துல நல்லாத்தான் இருக்கேன், பொழுது சாஞ்சா சுணங்கிப் போயிடறேன்” என்றார். வியாபாரம் சுணக்கம், வேலை சுணக்கம், குழந்தை சுணங்கிக் கிடக்கிறது என்று எல்லோரும் சொல்கிறோம். சுணக்கம் என்றால் நின்றுபோகவில்லை, வேகம் குறைந்திருக்கிறது என்று பொருள். ‘இலேசான’ என்ற அடையே தேவைப்படாதபடி அளவும் சொல்லுக்குள் அடங்கிவிடுகிறது. எனவே என் முன்மொழிவு: அறிதிறன் சுணக்கம். 2011-ஆம் ஆண்டு அமெரிக்க வழிகாட்டுதல்கள் ஆல்சைமரால் வரும் இடைக்கட்டத்தைத் தனியே பிரித்தன. அதை ‘ஆல்சைமர்வழிச் சுணக்கம்’ என்று எளிதாகச் சொல்லலாம்.

சங்கப் பாடல்களில் ‘சுணங்கு’ என்பது பெண்களின் மேனியில் தோன்றும் தேமல் ஆயிற்றே என்று ஒருவர் தனிமடலில் நினைவூட்டினார். உண்மைதான், ஆனால் இன்று அந்தப் பொருளில் எவரும் பேசுவதில்லை. இதைவிட வலுவான மறுப்பு, சுணக்கம் என்றால் தானே சரியாகிவிடும் என்று மக்கள் அசட்டையாக இருந்துவிடுவார்களே என்பது. இதைப் பலநாள் யோசித்தேன். சிலருக்கு மீட்சி உண்டு என்பது மருத்துவ உண்மையாக இருக்கையில், அந்தக் கதவைச் சாத்துகிற சொல்லைவிடத் திறந்து வைக்கிற சொல்லே நேர்மையானது. ‘ஆறு மாதத்தில் மறுபடி வாருங்கள்’ என்ற வரியைத் தாளில் தடித்த எழுத்தில் போடுவோம்.

அறிகுறியே தோன்றாத ப்ரீகிளினிக்கல் கட்டத்துக்கு ‘நீறுபூத்த நிலை’ என்ற பரிந்துரை அழகானது, ஆனால் வேண்டாம். நீறு பூத்திருந்தால் உள்ளே நெருப்பு இருக்கிறது என்று முடிவாகிவிடுகிறது. அமிலாய்டு சேர்ந்தும் வாழ்நாள் முழுதும் டிமென்ஷியா வராமலே இருப்பவர்கள் பலர். 2024-ல் அமெரிக்காவின் ஆல்சைமர் சங்கம் கூட்டிய குழு, சோதனைகளில் உயிர்க்குறிப்பான், அதாவது நோயைக் காட்டும் உடற்குறி, தெரிந்தாலே நோய்தான் என்று வரையறுத்தது. அதே ஆண்டில் புரூனோ துபுவா உள்ளிட்ட பன்னாட்டுக் குழுவினர், அறிகுறி இல்லாதவரை இடருக்கு உள்ளானவர் என்றே சொல்ல வேண்டும் என்று எழுதினார்கள். ஆய்வாளர்களிடையே தீராத வழக்குக்கு நாம் உருவகத்தால் தீர்ப்பு எழுதிவிடக் கூடாது. ‘அறிகுறியிலா நிலை’ போதும்.

ப்ரிவென்ஷன் என்பதைத் ‘தடுப்பு’ என்று போடுவதிலும் எனக்குத் தயக்கம் உண்டு. தடுப்பூசியின் உறுதியை அது வாக்களிக்கிறது. 2024-ல் லான்செட் மருத்துவ இதழின் ஆணையம் இரத்த அழுத்தம், நீரிழிவு, காது மந்தம், பார்வைக் குறைவு, தனிமை, காற்று மாசு முதலிய 14 காரணிகளைக் கையாண்டால் டிமென்ஷியாவில் ஏறத்தாழ 45 விழுக்காட்டைத் தவிர்க்கவோ தள்ளிப்போடவோ இயலும் என்றது. ஆனால் அது மக்கள்தொகை அளவிலான கணக்கு. தனி ஒருவருக்குத் தரும் தாளில் ‘இடர் தணிப்பு’ என்பதே பொருந்தும்.

அடுத்த முகாமுக்கான தாள் இன்னும் அச்சுக்குப் போகவில்லை. அந்த அம்மாவின் பெயர் பழைய பட்டியலில் இருக்கிறது. புதிய தாளை நானே காசிமேட்டுக்கு எடுத்துச் சென்று ஏலம் முடிந்ததும் அவரிடம் படித்துக் காட்டப்போகிறேன். அதற்குள் ‘சுணக்கம்’ பற்றிய உங்கள் மறுப்புகள் வந்துவிட வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

அன்புடன்,
பழைய வண்ணாரப்பேட்டையிலிருந்து ஒரு குழு உறுப்பினர்